நாற்பது என்று வாசித்தவர்

எங்கள் பயிற்சி இயக்குநர் பொய் எழுதியிருக்கிறார். அன்று காலை தூத்துக்குடி அறையில் தான் பார்வையாளராக மட்டும் இருந்ததாக விசாரணை அறிக்கையில் உள்ள தன் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறார். அவர் பார்வையாளராக இருக்கவில்லை. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசித்தவர் அவர்தான். அவர் வாசித்த எண்ணைத் தட்டியவள் நான்.

அறிக்கையில் என் பெயர் கிடையாது. தூத்துக்குடி அறையின் பயிற்சியாளர் ஒருவர் தன் இஷ்டத்துக்கு ஒரு மதிப்பை மாற்றிவிட்டார் என்று மட்டும் இருக்கிறது. அந்த அறையில் பயிற்சி பெற்று வந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இன்னும் வேலையில் இருக்கிறாள். மற்றவள் யார் என்று கண்டுபிடிக்க யாருக்கும் அதிக நேரம் ஆகாது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். என் தப்பும் இதில் உண்டு. அது எங்கே வருகிறதோ அங்கே அதையும் சொல்கிறேன்.

எனக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம். வீட்டில் நெல்லும் வாழையும். இயற்பியலில் முதுகலை முடித்த வருஷம் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்தேன். சிறுகோள் ஒன்றை நோக்கி அவர்கள் அனுப்பிய விண்கலம் ஏற்கெனவே பாதி வழியில் போய்க்கொண்டிருந்தது. போய்ச் சேர இன்னும் சில வருஷம் ஆகும். சேரும்போது அதில் இருக்கும் கருவிகளை இங்கிருந்து இயக்க ஆள் வேண்டும். அதற்காக முதுகலை முடித்தவர்களுக்கு இரண்டு வருஷப் பயிற்சி. தலைமை மையம் வேறு மாநிலத்தில் இருந்தது. சில ஊர்க் கல்லூரிகளில் ஒவ்வொரு அறையை வாங்கிக் கணினி வைத்து மையத்தோடு இணைத்திருந்தார்கள். தூத்துக்குடியிலும் ஒன்று.

நான் பழகியது ஒரு கேமராவில். தொலைநோக்கியோடு சேர்த்து இட்லிக் கொப்பரை அளவுதான் இருக்கும். அதன் மாதிரியைக்கூட நான் தொட்டதில்லை. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதன் மூடி எத்தனை விநாடியில் திறக்கும், வண்ணக் கண்ணாடிகள் பொருத்திய வடிகட்டிச் சக்கரம் எந்தக் குளிரில் மக்கர் பண்ணும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். விண்கலம் சிறுகோளை அடையும் நாளில் அந்தக் கேமராவுக்கு முன்னால் உட்காரப் போகிறவர்கள் ஆறு பேர். அதற்கு ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் என் பெயர் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஒன்றரை வருஷத்தில் பெயர் ஏறியது. இப்போது எடுத்துவிட்டார்கள்.

பயிற்சியில் சேர்ந்த புதிதில் அப்பா கேட்டார்.

"அது எம்புட்டுத் தூரத்துல போகுது?"

"நாம இங்கன இருந்து ஒண்ணு சொன்னா அங்கன போய்ச் சேர கா மணி நேரம் ஆவும்ப்பா."

"பரவால்லியே. வயல்ல நிக்க உங்க அண்ணனுக்குப் போன் போட்டா எடுக்கதுக்கு அரை மணி நேரம் ஆவுது."

என்னோடு இருந்தவள் கீழவைப்பாரைச் சேர்ந்தவள். மீன்பிடிக் குடும்பம். அவளுடைய அண்ணன் சங்கு குளிக்கப் போகிறவர். அவள் கல்லூரி விடுதியில் தங்கியிருந்தாள். நான் தினமும் பஸ். எங்கள் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. கிழக்கு ஜன்னலில் உப்பளம் தெரியும். அதற்கு அப்பால் அனல் மின் நிலையத்தின் புகைக்கூண்டுகள். ஜன்னலை எவ்வளவு அடைத்தாலும் உப்புக் காற்று உள்ளே வந்துவிடும். கேபிள் முனைகளில் பச்சை பூக்கும். திங்கட்கிழமை காலையில் முதல் வேலை அதைத் துணியால் துடைப்பது. தலைமை மையத்தில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு வேலை உண்டு என்பதே தெரியாது. ஒருமுறை சொன்னபோது சிரித்தார்கள்.

இந்த வேலையை வெளியே இருந்து பார்க்கிறவர்கள், இங்கே பட்டனை அழுத்தினால் அங்கே கேமரா படம் எடுக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முன்கூட்டியே ஒரு கட்டளைப் பட்டியல் எழுத வேண்டும். வரி வரியாக. இன்ன நேரத்தில் மூடியைத் திற, இன்ன நேரத்தில் சக்கரத்தைத் திருப்பு, இத்தனை மில்லிசெகண்ட் வெளிச்சத்தை உள்ளே விடு, படத்தைச் சேமி. இப்படி ஐம்பது வரி, அறுபது வரி இருக்கும். அதை அனுப்பிவிட்டால் விண்கலம் நேரம் வரும்போது தானாகச் செய்யும். வேலை தொடங்கிய பிறகு கூப்பிட்டுத் திருத்த முடியாது. நம் சத்தம் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அதனால் அனுப்புவதற்கு முன்னால் ஒரு சடங்கு மாதிரி ஒரு சோதனை உண்டு. ஒருவர் ஒப்புதல் பெற்ற தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசிப்பார். மேசையில் உட்கார்ந்திருப்பவர் தன் திரையில் இருப்பதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கவனியுங்கள், தன் திரையில் இருப்பதை. காதில் விழுந்ததை இல்லை. இரண்டும் ஒன்றாக இருந்தால் அடுத்த வரி. ஒன்றாக இல்லாவிட்டால் 'நிறுத்து' என்று சொல்ல வேண்டும். அறையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னால் எல்லாம் நிற்கும். ஏன் சொன்னாய் என்று அந்த இடத்தில் யாரும் கேட்கக் கூடாது. சொன்னவர் பெரியவரா சின்னவரா என்ற பேச்சே கிடையாது.

முதல் மாதத்தில் இதில் நாங்கள் இரண்டு பேரும் தோற்றோம். தலைமை மையத்தில் இருந்து வீடியோவில் பாடம் எடுத்த பயிற்றுநர் ஒரு பெண். எங்களைவிட நாலைந்து வயதுதான் கூட. அவர் வேண்டுமென்றே தப்பாக வாசித்தார். திரையில் ஐந்து என்று இருந்தது. அவர் பதினைந்து என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் "பதினைந்து" என்றோம்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "ரெண்டு பேரும் ஒண்ணாங்கிளாஸ்ல உட்கார்ந்திருக்கீங்களா?"

அவர் கேட்டது சரிதான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்வார், நாங்கள் சொல்வோம். வாய்ப்பாடு அப்படி, செய்யுள் அப்படி, கல்லூரியில் தேற்றத்தின் நிரூபணம்கூட ஏறக்குறைய அப்படி. முன்னால் நிற்பவர் வாயைத் திறந்தால் நம் வாய் அதே வடிவத்தில் திறக்கும். சரியா தப்பா என்று மூளை யோசிப்பதற்குள் சத்தம் வெளியே வந்துவிடும். மற்ற ஊர் அறைகளில் இப்படி நடக்கவில்லையா என்று கேட்டேன். நடந்தது, ஆனால் இரண்டாவது வாரத்தில் விட்டுவிட்டார்கள் என்றார் பயிற்றுநர். எங்களுக்கு மூன்று மாதம் ஆயிற்று. என் கூட்டாளிக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்தது. எனக்குத்தான் வரவில்லை.

"நீ வாயப் பாக்கேளா," என்பாள். "எங்கண்ணன் கடலுக்குள்ள முங்கும்போது மேல வள்ளத்துல ஒருத்தன் காத்து டியூப்பப் புடிச்சிக்கிட்டு நிப்பான். பக்கத்துல நிக்கவன் என்ன கதை சொன்னாலும் அவன் கண்ணு டியூப்புலதான் இருக்கும். கதையப் பாத்தான்னா எங்கண்ணன் செத்தான்."

"சரிளா. ஒங்க அண்ணனையே இங்கன கூட்டியா. நான் முங்கப் போறேன்."

"ஒனக்கு முங்கவும் தெரியாது. ஆத்துத் தண்ணி கணுக்காலுக்கு வந்தாலே பாவாடையத் தூக்கிக்கிட்டு ஓடுத ஆளு."

பிறகு எனக்கும் வந்தது. கடைசி ஆறு மாதத்தில் ஒரு ஒத்திகையில்கூட நான் தவறவில்லை. பயிற்றுநர் எத்தனை தடவை தப்பாக வாசித்தாரோ அத்தனை தடவையும் நிறுத்தினேன். அதனால்தான் பட்டியலில் பெயர் ஏறியது.

இன்னொரு விதியும் உண்டு. மேசையில் உட்கார்ந்திருப்பவர் யார் வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது. யார் வந்தாலும். கண் திரையை விட்டுப் போகக் கூடாது என்பதற்காக வைத்த விதி. ஒருநாள் கல்லூரி முதல்வர் யாரோ விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு அறையைக் காட்ட வந்தார். நாங்கள் ஒத்திகையில் இருந்தோம். எழுந்திருக்கவில்லை. முதல்வர் எதுவும் சொல்லாமல் போய்விட்டார். சாயங்காலம் துறைத்தலைவர் மூலம் சொல்லி அனுப்பினார். ராக்கெட் விடுகிற பிள்ளைகளுக்கு மரியாதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையா என்று. நாங்கள் ராக்கெட் விடவில்லை. அதை அவரிடம் போய் விளக்க எங்களுக்குத் தைரியம் இல்லை. இனிமேல் பெரியவர்கள் வந்தால் எழுந்திருக்கிறோம் என்று துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டு வந்தோம். விதியை நாங்கள் முதலில் விட்டுக்கொடுத்தது அங்கே.

இனி அந்தக் காலை.

விண்கலம் போகும் வழியில் இன்னொரு சின்ன சிறுகோளுக்குப் பக்கத்தில் கடந்து போக வேண்டியிருந்தது. அது போய்ச் சேர வேண்டிய சிறுகோள் இல்லை. வழியில் தற்செயலாக அகப்பட்டது. மறுநாள் விடியற்காலையில் சில நிமிஷம்தான் கேமராவுக்குத் தெளிவாகத் தெரியும். ஒரே தடவை. திரும்ப அந்தப் பக்கம் விண்கலம் வராது. அந்த முறை கேமராவின் கட்டளைப் பட்டியல் எங்கள் அறையின் பொறுப்பு.

முதலில் வெளிச்சம் விடும் நேரத்தை நாற்பது மில்லிசெகண்ட் என்று வைத்திருந்தார்கள். பட்டியலின் மூன்றாவது பதிப்பு வரை நாற்பதுதான். பிறகு தரையில் இருக்கும் தொலைநோக்கிகளில் பார்த்தவர்கள், அந்தக் கல் நினைத்ததைவிட மிகவும் கருப்பு என்று எழுதினார்கள். கருப்பாக இருந்தால் கூடுதல் நேரம் வெளிச்சம் வேண்டும். நான்காவது பதிப்பில் அதை நானூறாக மாற்றினோம். மாற்றினோம் என்றால், அந்தக் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. நானூறு எப்படி வந்தது, ஏன் முந்நூறு போதாது என்று எனக்குத் தெரியும். அது தெரியாமல் செய்த தப்பு என்றால் இதை எழுதவே தேவையில்லை.

இயக்குநர் காலை விமானத்தில் வாகைக்குளம் வந்து இறங்கினார். கல்லூரியில் பேனர் கட்டி, பொன்னாடை போர்த்தி வரவேற்றார்கள். முதல்வர், துறைத்தலைவர், நிர்வாகத்தில் இருந்து நாலு பேர், இரண்டு பத்திரிகைக்காரர்கள். எங்கள் வீட்டாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பின்சுவரில் சாய்ந்து நின்றார். ஒரு ஓரத்து மேசையில் மக்ரூன் தட்டுகளும் காப்பியும். செருப்பை வெளியே விட்டுவிட்டு வர வேண்டிய அறையில் அன்று பதினைந்து பேர் இருந்தார்கள்.

இயக்குநர் உள்ளே வந்ததும் நாங்கள் எழுந்தோம். மேசையில் உட்கார்ந்திருந்த நானும் எழுந்தேன். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். எழுந்து உட்கார்ந்தால் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். எழுந்திருப்பதற்கு முன்னால் நான் அந்த மேசையின் பொறுப்பாளி. அவர் சொல்லி உட்கார்ந்த பிறகு நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாணவி. வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

வழக்கமாக வாசிப்பவள் என் கூட்டாளி. நான்காவது பதிப்புத் தாளோடு தயாராக நின்றாள். இயக்குநர் அவளைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னைக்கு நானே ரீட் பண்றேன்மா. போட்டோ எடுக்கணும்னு சொல்றாங்க."

அவள் தாளை நீட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தன் தோல் பையைத் திறந்து தன்னிடம் இருந்த தாளை எடுத்தார். பதிவேட்டில் அன்றைய ஷிப்ட் பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டார். பார்வையாளர் என்றால் அந்த இடத்தில் கையெழுத்து எதற்கு? பதிவேட்டில் பார்வையாளர்களுக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேரும் அதில்தான் எழுதினார்கள்.

வாசிக்கத் தொடங்கினார். நல்ல குரல். முப்பது வரி வரை ஒரு பிரச்சினையும் இல்லை. ஏனென்றால் மூன்றாவது பதிப்புக்கும் நான்காவதுக்கும் அதுவரை வித்தியாசமே இல்லை. முப்பத்தோராவது வரியில் அவர் "நாற்பது" என்றார்.

என் திரையில் நானூறு இருந்தது.

என் கூட்டாளி எனக்குப் பின்னால் நின்றாள். குனிந்து காதுக்குப் பக்கத்தில் சொன்னாள்.

"ஏளா, அங்கன நானூறுல்லா கெடக்கு."

"சார் புதுசா கொண்டாந்திருப்பாரு."

"எப்பளா புதுசு? நேத்து சாயங்காலம் நாமதான ஏத்துனோம்."

இயக்குநர் தாளில் இருந்து தலையைத் தூக்கினார். "என்னம்மா? ஏதாவது டவுட்டா?"

அவர் கேட்டார். அதை நான் மறைக்கவில்லை. சிரித்த முகத்தோடுதான் கேட்டார். அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முதல்வர் பார்த்தார். கேமராவை வைத்துக்கொண்டு நின்ற பத்திரிகைக்காரர் பார்த்தார். 'நிறுத்து' என்பது ஒரு சொல். ஒத்திகையில் எத்தனையோ தடவை சொன்ன சொல். வீடியோவில் இருந்த பயிற்றுநரிடம் சொல்ல முடிந்தது. பொன்னாடை போர்த்திக்கொண்டு நிற்கும் மனிதரிடம் சொல்ல என் வாய் திறக்கவில்லை.

"இல்ல சார்," என்றேன். "நாற்பது."

சொல்லிவிட்டு, சொன்னதற்கு ஏற்றபடி திரையை மாற்றினேன். இதுதான் என் தப்பு. வேறு யாரும் என் விரலைப் பிடித்துத் தட்டவில்லை.

ஒப்புதல் பெற்ற மதிப்பை மாற்றினால் கணினி ஒரு கட்டம் காட்டும். காரணம் எழுதாமல் மேலே போக விடாது. அதில் 'இயக்குநர் வாசித்தபடி' என்று ஆங்கிலத்தில் தட்டினேன். அதற்கு அடுத்து ஷிப்ட் பொறுப்பாளரின் சம்மதம் கேட்கும். மாற்றத்தைப் பார்த்துத் தலையாட்ட வேண்டியவர் அன்று அவர்தான்.

"சார், முப்பத்தொண்ணுல ஒரு மாற்றம் காட்டுது. சம்மதம் கேக்குது," என்றேன்.

"கொடும்மா, கொடு," என்றார். தாளில் அடுத்த வரிக்குப் போயிருந்தார். அவர் சார்பில் நான் சம்மதத்தை அழுத்தினேன். என்ன மாற்றம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தலைமை மையத்தில் இருந்த கணினி, எண்கள் அனுமதித்த எல்லைக்குள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தது. நாற்பதும் எல்லைக்குள்தான். கட்டளைப் பட்டியல் போயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள். மக்ரூன் தட்டு சுற்றி வந்தது. அப்பா ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் பொதிந்து பையில் வைத்துக்கொண்டார், அம்மாவுக்கு.

பஸ்ஸில் போகும்போது அப்பா கேட்டார்.

"நடுவுல ஒரு எடத்துல முழிச்சியே, என்னது அது?"

"ஒண்ணுமில்லப்பா."

"அந்தப் புள்ள ஒன் காதுல என்னமோ சொல்லிச்சி. நீ அவரப் பாத்த. டிவியப் பாத்த. மறுபடியும் அவரப் பாத்த."

சொன்னேன்.

"தப்புன்னு தெரிஞ்சிருந்தா சொல்ல வேண்டியதான."

"அம்புட்டுப் பேரு நிக்கும்போது எப்படிப்பா சொல்ல?"

"நம்ம மடையில கலெக்டரே வந்து நின்னாலும், மொறை யாருக்குன்னு நீர்பாய்ச்சிதான் சொல்லுவான். கலெக்டரு சொல்ல முடியாது."

அன்று ராத்திரிக்குள் நான் மையத்துக்கு எழுதியிருக்க வேண்டும் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். எழுதினேன். வீட்டுக்கு வந்த உடனே, பயிற்றுநருக்கு. நாற்பதா நானூறா, இயக்குநர் கையில் இருந்தது எந்தப் பதிப்பு என்று கேட்டு எழுதினேன். அவர் விடுப்பில் இருந்தார். மறுநாள் காலை பத்து மணிக்குப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அதற்குள் விண்கலம் அந்தக் கல்லைக் கடந்துவிட்டது. போனில் அவர், நான் லைனில் இருக்கிறேனா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

படங்கள் இறங்க இரண்டு நாள் ஆயிற்று. ஒவ்வொன்றாகத் திறந்தோம். கருப்பு. அடுத்தது, கருப்பு. பிரகாசத்தை எவ்வளவு கூட்டினாலும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. ஓரம் எங்கே, பள்ளம் எங்கே என்று ஒன்றும் தெரியாது. என் கூட்டாளி எண்பது படத்தையும் திறந்து பார்த்தாள். நான் இருபதோடு நிறுத்திவிட்டு ஜன்னலுக்குப் போனேன். உப்பளத்தில் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

இயக்குநர் மதியம் போன் பண்ணினார். "என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க?" என்றார். 'வச்சிருக்கீங்க.' அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, அந்தப் பன்மையில் அவர் இல்லை என்று.

விசாரணை வீடியோவில் நடந்தது. மூன்று பேர் குழு. எனக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள். இங்கே எழுதியதை எல்லாம் அங்கே சொன்னேன். என் தப்பை முதலில் சொன்னேன். என் கூட்டாளியும் கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். தாளைத் தான் நீட்டியதையும் அவர் வாங்கிக்கொள்ளாததையும் சொன்னாள். அவள் வாக்குமூலம் அறிக்கையில் இல்லை. மேசையில் அவள் உட்காராததால் தேவைப்படவில்லை என்று அடிக்குறிப்பில் போட்டிருக்கிறார்கள். பதிவேடு கிடைக்கவில்லை என்றும் இருக்கிறது. பதிவேடு எங்கள் அறை அலமாரியில் இருந்தது. கேட்டு யாரும் வரவில்லை.

அறிக்கை வெளியாவதற்கு முந்தின வாரம் இயக்குநர் மறுபடியும் கூப்பிட்டார். அன்பாகத்தான் பேசினார்.

"ஒரு பேப்பர் அனுப்பியிருக்கேன். சைன் பண்ணி அனுப்பிடும்மா. பயிற்சியாளர் தவறுன்னு முடிஞ்சிடும். பயிற்சியில தப்பு வர்றது சகஜம். ஆறு மாசம் கழிச்சு லிஸ்ட்ல உன் பேர நானே திரும்பச் சேர்க்கிறேன்."

"நான் தட்டுனத ஒத்துக்கிடுதேன் சார். அதுல சைன் போடுதேன். நீங்க வாசிச்சதையும் அதுல எழுதுங்க."

"அது வேற விஷயம்மா."

"எப்படி சார் வேற?"

"நீ சின்னப் பொண்ணு. இதப் பெருசாக்கினா உங்க ரூமையே மூடிடுவாங்க. கூட இருக்கிற பொண்ணையும் யோசி."

யோசித்தேன். அவளிடமே கேட்டேன். மெஸ்ஸில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போடாத," என்றாள். "நீ போட்டியன்னா நான் பேச மாட்டேன்."

"போடலன்னா ஒனக்கும் சேத்து ஆப்பு வைப்பாவ."

"வைக்கட்டும். நான் போயி நண்டு அவிச்சி வித்துக்கிடுவேன்."

"ஒனக்கு நண்டு ஒடைக்கவே தெரியாதுன்னு ஒங்கம்மா சொன்னாவ."

"அது வேற வெசயம்மா," என்றாள், இயக்குநர் மாதிரியே குரலை வைத்துக்கொண்டு. அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சிரித்தோம், அந்த வாரத்தில் முதல் தடவையாக.

நான் கையெழுத்துப் போடவில்லை. பட்டியலில் இருந்து என் பெயரை எடுத்தார்கள். அவளை எடுக்கவில்லை. தலைமை மையத்துக்கு மாற்றினார்கள். நானும் விட்டுட்டு வாரேன் என்று நின்றாள். பைத்தியமாளா, போய் உக்காரு என்று நான்தான் அனுப்பினேன். ஆறு இடத்தில் ஒன்றிலாவது எங்கள் அறை ஆள் இருக்க வேண்டும். தூத்துக்குடி அறையைப் பூட்டிவிட்டார்கள். அதற்கு வேறு காரணம் சொன்னார்கள். நான் இப்போது விளாத்திகுளத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். வேலை பரவாயில்லை. இதைச் சொல்லி யாரிடமும் பரிதாபம் வாங்க வேண்டிய நிலையில் நான் இல்லை.

அப்படியென்றால் இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். போன மாதம் என் கூட்டாளி போன் பண்ணினாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சிக் கையேட்டில் எங்கள் சம்பவத்தைச் சேர்த்திருக்கிறார்களாம். ஒரு முழுப் பாடம். பயிற்சியாளர் எப்போதும் மதிப்பைத் தானாக மாற்றக் கூடாது என்பது பாடத்தின் முடிவு. கீழே கேள்வி பதிலும் இருக்கிறதாம். வாசிப்பவர் தப்பாக வாசித்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரி இல்லை. வாசித்தவர் என்று ஒருவர் அந்தப் பாடத்தில் இல்லவே இல்லை.

பாடத்தோடு கணினிப் பதிவையும் அச்சிட்டிருக்கிறார்கள், அறிக்கையின் பின்னிணைப்பில் இருந்து எடுத்து. அவள் படம் எடுத்து அனுப்பினாள். நேரம், வரி எண், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றியவரின் குறியீட்டு எண். அட்டவணையில் மேலிருந்து கீழாக ஐந்து பத்திகள். எங்கள் கணினியில் அந்தப் பதிவுக்கு ஏழு பத்திகள். ஆறாவது, காரணம். ஏழாவது, சம்மதம் கொடுத்தவர். தாளின் வலது ஓரத்தில் அட்டவணைக் கோடு முடியாமல் அறுந்து நிற்பது படத்திலேயே தெரிகிறது. சரியாக மறைக்கக்கூடச் செய்யவில்லை.

விண்கலம் போய்ச் சேர இன்னும் அதிக காலம் இல்லை. அன்றைக்கும் அறையில் பெரிய மனிதர்கள் நிற்பார்கள். அன்றைக்கும் போட்டோ எடுப்பார்கள். யாராவது ஒருவர் இன்னைக்கு நானே வாசிக்கிறேன் என்பார். மேசையில் இருக்கும் பிள்ளைக்கு, நிறுவனத்தில் இருக்கும் நீங்கள் கற்றுக்கொடுத்திருப்பது என்ன? எதையும் மாற்றாதே என்று. நிறுத்து என்று சொல்லலாம், இயக்குநரையே நிறுத்தலாம் என்று யார் சொல்லிக்கொடுப்பது? நான் நிறுத்தாததால் எண்பது படம் போயிற்று. அந்தக் கல்லை இனி யாரும் பக்கத்தில் பார்க்கப் போவதில்லை. அடுத்த தடவை கைவிட்டுப் போகப் போவது, விண்கலம் இத்தனை வருஷமும் எதற்காகப் போய்க்கொண்டிருக்கிறதோ அந்தச் சிறுகோள்.

ஒவ்வொரு வருஷமும் நிறுவனம் பொதுமக்களுக்கு ஒரு திறந்த கூட்டம் நடத்துகிறது. இயக்குநர் மேடையில் பேசுவார். முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். இந்த வருஷம் நான் வருகிறேன். என் தப்பை நான் முதலில் சொல்லிவிடுகிறேன், ஒலிபெருக்கியில், உங்கள் நேரத்தில் ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டு. மின்னஞ்சலில் எனக்குப் பதில் வேண்டாம். போனிலும் வேண்டாம். அந்த அட்டவணையை ஏழு பத்திகளோடு திரையில் போடுங்கள். ஆறாவதையும் ஏழாவதையும் வெட்டச் சொன்னது யார் என்று அந்த மேடையில் நின்று, எல்லார் முன்னாலும், பெயரோடு சொல்லுங்கள்.